வேட்பாளருக்கு ஒரு ஜெபம்

கிதியோன் வயதில் மூத்தவர். ஆனாலும், கர்த்தர் சொல்வதைக் கேட்டுச் சனங்களுக்குச் சொல்லும் சிஸ்டர் எப்சிபாவுக்கு அவர் சீடர்தான். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரை ஊழியத்துக்கு இழுத்து வந்தவள் அவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைச் சிஸ்டர் என்பார்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் கிதியோன் பாடுபட்டுக் கட்டிய சபைக் கட்டடத்தை, அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் மூடிய கதவுக்கு முன்னால், செம்மண்ணில் பாய் விரித்து உட்கார்ந்து பாடினார்கள். அந்த வெயிலில் பாட்டும் சீக்கிரமே வாடிப்போகும்.

தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி வேட்பாளர் தவசிக்கனியின் ஆள் கிதியோனைத் தேடி வந்தான்.

"பாஸ்டர், உங்க உபவாசக் கூட்டத்துக்கு அண்ணாச்சி வாராரு. சிஸ்டர் அவரு தலையில கைய வச்சு, ‘இவரைக் கர்த்தர் தெரிந்துகொண்டார்’னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே உங்க கதவு திறக்கும்."

கிதியோன் ஓடோடிப் போய் எப்சிபாவிடம் சொன்னார். அவள் கூட்டத்துக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கர்த்தர் எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையே, அண்ணே."

"இல்லைன்னும் சொல்லலையே, சிஸ்டர்."

எப்சிபா சிரித்துவிட்டாள். "கண்டக்டர் புத்தி போகலை பாருங்க. பஸ்ஸுல ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிக்கச் சொல்லுதீங்க."

"கெட்டவர் இல்ல சிஸ்டர். நம்ம தெருவுக்குத் தண்ணி கொண்டாந்தவர்."

"தெரியும். நான் அவருக்குத்தான் ஓட்டுப் போடப்போறேன்."

"பிறகென்ன?"

அவள் சேலையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

கூட்டத்தன்று தவசிக்கனி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தார். அதற்குள் எப்சிபா கீழே இறங்கி அவர் முன்னால் வந்து நின்றுவிட்டாள். கிதியோன் மைக்கை நீட்டினார். அவள் வாங்கி, அதன் சுவிட்சை அணைத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு வேட்பாளரின் தலையில் கை வைத்தாள்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"ஜெயிக்கணும் சிஸ்டர்."

"அது இந்தச் சனங்க குடுக்கிறது. கர்த்தர்கிட்ட என்ன வேணும்?"

தவசிக்கனி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அவளுக்கும் பக்கத்தில் நின்ற கிதியோனுக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"தூக்கம் வரலை சிஸ்டர். கண்ணை மூடினா பயமா இருக்கு."

எப்சிபா மண்ணில் முழங்காலிட்டாள். அவரும் வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் முழங்காலிட்டார். அவள் அந்த மனிதரின் தூக்கத்துக்காக வெகுநேரம் ஜெபித்தாள். கட்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சனங்கள் அவளுடைய உதடுகள் அசைவதை மட்டும் பார்த்தார்கள். எழுந்தபோது தவசிக்கனி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவருடைய ஆள் கிதியோனின் முழங்கையைப் பிடித்தான்.

"என்ன பாஸ்டர், கூப்பிட்டு வச்சு விளையாடுதீங்களா? ஒருத்தர் காதுலயும் ஒண்ணும் விழலை. இனி கதவு, பூட்டுன்னு எங்கிட்ட வந்துராதீங்க."

அடுத்த ஞாயிறும் கதவு மூடியே இருந்தது. ஆராதனைக்கு நடுவில், நிறைமாதமாக இருந்த லில்லிப்பூ வெயில் தாங்காமல் சரிந்தாள். பெண்கள் அவளைச் சுவரின் நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். எப்சிபா அவள் தலையை மடியில் வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

கிதியோனுக்கு மனம் ஆறவில்லை. பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஒரே ஒரு வார்த்தை சிஸ்டர். அதைச் சொல்லியிருந்தா இந்தப் பிள்ளை இப்ப உள்ள, ஃபேனுக்குக் கீழ இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"தெரிஞ்சும் சொல்லலையே."

லில்லிப்பூ கண் விழித்தாள். எப்சிபாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், என் பிள்ளையைப் பத்திக் கர்த்தர் ஏதும் சொன்னாரா?"

எப்சிபா கண்களை மூடினாள். உதடுகள் அசைந்தன. கிதியோன் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அவள் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். லில்லிப்பூவின் முகம் தெளிந்தது.

கிதியோன் மெல்லக் கேட்டார். "அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும், இன்னைக்கு நீங்க சொன்னதை இவ நம்பியிருப்பாளே, சிஸ்டர்?"

"இவ நம்பியிருப்பா, அண்ணே," என்றாள் எப்சிபா. "நான் நம்பணுமே."