கூரைக்கடியில் பூஜ்யம்

ஒரு நகரத்தில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஆனாலும் சித்திரை வெயிலில் அந்த நிழல் பெரிய சங்கதி.

ஒருநாள் அந்த நிழலுக்குள் ஆறு வாடகை மின்சார ஸ்கூட்டர்கள் வந்து நின்றுகொண்டன.

"யாரைக் கேட்டு வந்தீங்க?" என்றது நிறுத்தம்.

"செல்போனைக் கேட்டு. இனிமே உன் ஓட்டை பஸ்ஸுக்கு எவன் காத்துக் கிடப்பான் பெரிசு?" என்றது முன்னால் நின்ற ஸ்கூட்டர்.

இளசுகள் சிலர் ஏறிப் பறந்தார்கள். பறக்கட்டும், யார் வேண்டாமென்றது? மற்றவர்கள் நிற்க இடமில்லாமல் எதிரே டீக்கடைச் சார்ப்புக்குப் போனார்கள். அவர்களில் செங்கோலம்மாள் ஒருத்தி. சிறுநீரகம் பழுதான கணவர் தங்கையாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள். பஸ்ஸைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டே, அவரைத் தாங்கி ரோட்டைக் கடப்பாள்.

"பதறாம வா தாயி, உன்னை விட்டுட்டா போயிடுவேன்?" என்று பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்.

அந்த பஸ்ஸுக்கு ஆள் இருக்கிறதா என்று எண்ண ஓர் அதிகாரி வந்தார். கூரைக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்கூட்டர் ஆறு, மனுஷர் பூஜ்யம். எழுதிக்கொண்டார்.

"ஐயா, எதிர்த்தாப்பல பாருங்கய்யா!" என்று கத்தியது நிறுத்தம். யார் கேட்டது? அங்கே நின்ற பதினெட்டுப் பேரோடு தோள் உரச நின்று டீ குடித்துவிட்டுத்தான் போனார் அந்தப் புண்ணியவான். வயிறு எரியுமா, எரியாதா?

அடுத்த மாதம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

சேதி தெரியாமல் செவ்வாய்க்கிழமை காலை செங்கோலம்மாள் வந்தாள். ஒரு மணி நேரம் நின்றாள். தங்கையாவுக்குக் கால் வீங்கி, மூச்சு இரைத்தது. ஆட்டோவுக்குக் கொடுக்க அவளிடம் ஏது?

"தம்பி, உன்மேல இவரை உட்காரவச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிட்டுப் போகட்டுமா?" என்று ஸ்கூட்டரிடம் கெஞ்சினாள்.

"செல்போன்ல பூட்டைத் திறந்தாத்தான் என் சக்கரமே சுத்தும்," என்றது அது.

அவளிடம் இருந்தது பட்டன் போன். தங்கையா டீக்கடை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார். அவள் வாய்விட்டு அழுதாள்.

ஸ்கூட்டருக்கே முகம் செத்துப் போயிற்று. "என்னை ஏன் முறைக்கிறே? நான் யாரையும் பஸ்ஸை விட்டு இறக்கலையே. சும்மா ஓரமாத்தானே நின்னேன்?"

"எங்கே நின்னே?" என்றது நிறுத்தம். "அவங்க நிக்கவேண்டிய இடத்துல நின்னேடா, பாவி!"