பதினாறாம் மாதத்துச் சாக்கெட்

சொன்னதைச் சொன்னபடி செய்கிற வேலையாட்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள் என்று அங்கலாய்க்கிறவர்கள், ஒரு நடை நெட்டூரணி விலக்குக்கு வந்துவிட்டுப் போகவேண்டும். அங்கே இருளாண்டி மேஸ்திரியின் கார் ஷெட்டில் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மேஸ்திரியின் தலை வழுக்கை ஆனதற்கும் அவர்கள்தான் காரணம்.

மாடக்கண்ணு, தொட்டியப்பன், பிச்சாண்டி. மூவரும் மேஸ்திரியின் மனைவி வழிச் சொந்தம், அதனால் வேலையை விட்டு நிறுத்தவும் வழியில்லை. ஒருமுறை, "நான் வர்ற வரைக்கும் இந்த வண்டியக் கழுவிக்கிட்டு இருங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் சொந்தத்தில் ஒரு சாவுக்கு, துஷ்டி கேட்கப் போனார். போன இடத்தில் தங்கும்படி ஆகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டியில் பெயிண்ட் இல்லை. மூவரும் வெறும் தகரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு கல்யாணம் சிக்கியது.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்த நாள். காலையில், பூச்சரம் சுற்றிய வெள்ளை அம்பாசிடர் ஒன்று நொண்டிக்கொண்டே வந்து ஷெட் வாசலில் நின்றது. முன்சக்கரம் பஞ்சர். பின் சீட்டில் பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை தனுஷ்கோடி. ஓட்டிவந்தவர் அவனுடைய தாய்மாமன் பரமசிவம், வண்டியும் அவருடையதுதான். பத்தரை மணிக்குள் தாலி கட்டியாகவேண்டும். இதை விட்டால் ஆடி வந்துவிடும், அப்புறம் ஆவணிதான். பெண்ணின் அப்பா ஏற்கெனவே இரண்டு தடவை மனசு மாறி, மூன்றாவது தடவையாக இப்போதுதான் சம்மதித்திருந்தார். ஆவணி வரைக்கும் அந்த மனுஷன் அதே மனசோடு இருப்பார் என்று தனுஷ்கோடிக்கு நம்பிக்கை இல்லை.

மேஸ்திரி அந்த நேரம் பார்த்து, வீங்கின கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பல் பிடுங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மொபெட்டில் உட்கார்ந்தபடியே மூவரையும் கூப்பிட்டார்.

"கேட்டுக்கங்கடா. இது பழைய அம்பாசிடர், நட்டக் கழட்ட இன்ச் சாக்கெட்தான் சேரும். மில்லிமீட்டர் பெட்டியத் தொடவே கூடாது. ஆறு மூலை சாக்கெட்டாப் பாத்து எடுங்க, பன்னெண்டு மூலை போட்டா நட்டு மழுங்கிரும். போல்ட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அதனால நீள சாக்கெட். நட்டச் சுத்துற காத்து மெஷின்ல மாட்டுறதுன்னா கறுப்பு சாக்கெட் மட்டும்தான். வெள்ளிக் கலர் மாட்டினா வெடிச்சிரும். டயர மாத்தி, மாப்பிள்ளை இங்கயிருந்து கிளம்பி, இதே வண்டியில மண்டபத்துல போய் இறங்கணும். அது உங்க பொறுப்பு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேஸ்திரி."

பல்வலியில் இருந்த மனுஷன், அதை நம்பிக் கிளம்பிவிட்டார்.

முதல் சிக்கல் உடனே வந்தது. இன்ச் பெட்டி கீழே இருந்தது. அதன் மேல் மில்லிமீட்டர் பெட்டி.

"எடுத்து அந்தப் பக்கம் வையி" என்றான் தொட்டியப்பன்.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல?" என்றான் மாடக்கண்ணு. மூவரில் அவன்தான் மூத்தவன், பொறுப்பானவன்.

ஆகவே இரண்டு கம்புகள் கொண்டுவரப்பட்டன. பாம்பை அப்புறப்படுத்துகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் கம்பைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கினார்கள். அது பாதித் தூரம் வந்து, கீழிருந்த பெட்டியின் மேலேயே தலைகுப்புற விழுந்தது. இரண்டு பெட்டிச் சாக்கெட்டுகளும் தரையெல்லாம் உருண்டு ஒன்றோடொன்று கலந்தன. பெட்டியைத் தொடாமலே காரியத்தை முடித்ததில் மூவருக்கும் திருப்திதான்.

"இதுல எது இன்ச்சு, எது மில்லி?" என்று கேட்டான் பிச்சாண்டி.

மாடக்கண்ணு ஒன்றைக் கையில் எடுத்து, அதில் பொறித்திருந்ததை வாசித்தான். "பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. பத்தொன்பது இன்ச்சுன்னா அண்டா வாய் அளவு இருக்கணும். இது இல்ல. தள்ளு."

தொட்டியப்பன் வேறொன்றை எடுத்தான். அதில் பதின்மூன்று என்று போட்டு, ஒரு கோடு கிழித்து, பதினாறு என்று போட்டிருந்தது. அவன் முகம் வாடிப்போனது.

"மச்சான், இது தேதி. மாத்திரையில போட்டிருப்பாங்கள்ல, அதுமாதிரி. பதிமூணாம் தேதி, பதினாறாம் மாசம்."

"பதினாறாம் மாசம் வந்திருச்சா?"

"இன்னும் வரலை. இது ஆனிதானே."

"அப்ப இது இன்னும் கெட்டுப்போகல. இதையே எடுத்துக்க" என்றான் மாடக்கண்ணு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது இன்ச்சில் பதினாறில் பதின்மூன்று பங்கு, அந்த வண்டியின் நட்டுக்கு உண்டான அளவே அதுதான். அதே அளவில் நாலைந்து சாக்கெட்டுகள் கிடந்தன. குட்டையானவற்றைத் தள்ளினார்கள். நீளமானவை இரண்டு மிஞ்சின. உள்ளே விரல் விட்டு மூலைகளை எண்ணினார்கள். ஒன்றில் ஆறு, இன்னொன்றில் பன்னிரண்டு.

"பன்னெண்டு இருந்தா இன்னும் நல்லதுதானே?" என்றான் பிச்சாண்டி. "ஏன் வேண்டாங்கிறாரு?"

மாடக்கண்ணு யோசித்தான். "நட்டுக்கு மூலை ஆறுதான். ஆறுக்கு ஆறு வேலை பாக்கும். மிச்ச ஆறும் சும்மா நின்னு வேடிக்கை பாக்கும். அதப் பாத்து வேலை பாக்குற ஆறும் கெட்டுப்போகும். நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி."

இதற்கு மேல் விளக்கம் எதற்கு? ஆறு மூலை சாக்கெட்டை எடுத்தார்கள். அளவு சரி, நீளம் சரி, மூலை சரி. நிறம் மட்டும் வெள்ளி.

மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளியே தனுஷ்கோடி, காருக்குள் வெந்துபோய், மாலையோடு இறங்கி மர நிழலுக்கு வந்து நின்றான். "அண்ணாச்சி, நேரம் ஆகுதே!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"கலர் பிரச்சினை, மாப்பிள்ளை. முடிஞ்சிரும்" என்று பதில் வந்தது.

முடிந்தது. ஷெட்டில் பம்பருக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் இருந்தது. தொட்டியப்பன் சாக்கெட்டின் வெளிப்பக்கம் முழுக்க அடித்தான். மாடக்கண்ணு பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ளயும் அடி. நட்டு பாக்கப் போறது உள்பக்கத்தத்தான். ஏமாந்திரும்னு நெனச்சியா?"

உள்ளே அடித்தார்கள். பின்பக்கம் மெஷின் சொருகுகிற சதுர ஓட்டையிலும் அடித்தார்கள். காயும்வரை அதை எங்கே வைப்பது? தரையில் வைத்தால் மண் ஒட்டும். பிச்சாண்டி அந்தச் சதுர ஓட்டைக்குள் சுண்டு விரலைச் சொருகி, சாக்கெட்டை வானத்துக்குக் காட்டி வெயிலில் நின்றான். ஆனி மாதத்து வெயில் நன்றாகவே அடித்தது. பெயிண்ட் காய்ந்தது. விரலும் சாக்கெட்டும் ஒன்றாகிவிட்டன.

இழுத்துப் பார்த்தார்கள். பிச்சாண்டி கத்தினான், சாக்கெட் அசையவில்லை.

"இப்ப மெஷின எப்படி மாட்டுறது?" என்றான் தொட்டியப்பன். "மெஷின் இருக்க வேண்டிய எடத்துல இவன் விரல் இருக்கு."

மாடக்கண்ணு பிச்சாண்டியை மேலும் கீழும் பார்த்தான். "மெஷின் எடத்துல இவன் இருக்கான்னா, இவன்தான் மெஷின்."

பரமசிவம் அதற்குள் நாலு பேருக்கு போன் போட்டு, வேறு கார் கேட்டுப் பார்த்துவிட்டார். முகூர்த்த நாளில் கார் எங்கே கிடைக்கும்? எரிச்சலோடு திரும்பி வந்தவர் கண்ட காட்சி இது: பிச்சாண்டி, கையைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, கட்டையாகப் படுத்த வாக்கில் காற்றில் இருந்தான். விரலில் இருந்த சாக்கெட் நட்டைக் கவ்வியிருந்தது. தொட்டியப்பன் அவன் கால்களைப் பிடித்திருந்தான். மாடக்கண்ணு இடுப்பைப் பிடித்திருந்தான். காற்று மெஷினுக்குக் காற்று வேண்டும் என்பதற்காக, காற்றுக் குழாயை பிச்சாண்டியின் சட்டைக்குள் விட்டிருந்தார்கள். சட்டை உப்பிப்போய் நின்றது.

"என்னய்யா பண்றீங்க?"

"நட்டக் கழட்டுறோம், மாமா" என்றான் மாடக்கண்ணு. "நட்டு இடது பக்கம் திருப்பினாத்தான் கழலும். பிச்சாண்டி, உன் இடது பக்கம் எது?"

"இது."

அந்தப் பக்கம் புரட்டினார்கள். பிச்சாண்டி குப்புற வந்தான்.

"இப்ப எது?"

"இப்ப அந்தப் பக்கம் வந்திருச்சு."

அந்தப் பக்கம் புரட்டினார்கள். மறுபடி மல்லாந்தான். இடது பக்கம் மறுபடி இந்தப் பக்கம் வந்துவிட்டது. இப்படியே தோசை மாதிரி பிச்சாண்டி புரண்டுகொண்டிருந்தானே தவிர, நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இவனுக இடது பக்கம் ஒரு நிலைக்கு வர்றதுக்குள்ள உனக்கு அறுபதாம் கல்யாணமே வந்திரும்டா!" என்று பரமசிவம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். விலக்கில் மினி பஸ் ஒன்று வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் தொற்றிக்கொண்டார்கள். தனுஷ்கோடியின் மாலையை ஒரு வெள்ளாடு மோந்து பார்த்தது. ஆனாலும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிக் கல்யாணம் நடந்துவிடும் என்று நம்பினான், பாவம்.

பஸ் போன கொஞ்ச நேரத்தில், வியர்வை இறங்கி பிச்சாண்டியின் விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சாக்கெட் நட்டிலேயே இருந்தது. இனி நிஜ மெஷினை மாட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை. மாட்டினார்கள். நட்டுகள் தடதடவென்று கழன்றன. ஸ்டெப்னியைப் போட்டு இறுக்கினார்கள். கடைசி நட்டை இறுக்கி முடித்ததும் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது, பட்டென்று சாக்கெட் இரண்டாகப் பிளந்தது.

மாடக்கண்ணு துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். "பாத்தியா? கறுப்பா இருந்தவரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு. வெள்ளி தெரிஞ்சதும் வெடிச்சிருச்சு. மேஸ்திரி மேஸ்திரிதான்."

மூவரும் மேஸ்திரி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகுதான் பின் சீட்டைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை எங்க?"

"மினி பஸ்ல மண்டபத்துக்குப் போயிட்டாரு."

"அது எப்படிப் போகலாம்? இங்கயிருந்து கிளம்பி, இதே வண்டியிலதானே போய் இறங்கணும்?"

"அங்க போனவரு இனிமே இங்கயிருந்து எப்படிக் கிளம்புவாரு?"

இது கொஞ்சம் கஷ்டமான கேள்விதான். பிச்சாண்டிதான் வழி கண்டுபிடித்தான். "அங்கயிருந்து இங்க கூட்டிட்டு வந்துட்டா, இங்கயிருந்து அங்க கொண்டுபோய் விட்டுரலாமே."

சாவி வண்டியிலேயே இருந்தது. அம்பாசிடர் பறந்தது. மண்டபத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி தாலிக்கயிற்றின் இரண்டு முனைகளையும் மணப்பெண் பூங்கோதையின் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, முதல் முடிச்சுக்குத் தயாராக நின்றான்.

"மாப்பிள்ளை, வண்டி ரெடி" என்றான் மாடக்கண்ணு. தொட்டியப்பன் தனுஷ்கோடியை அலாக்காகத் தூக்கினான்.

கயிற்றை விட்டால் கல்யாணம் போய்விடும் என்று தனுஷ்கோடி பிடியை விடவில்லை. அதனால் பூங்கோதையும் கூடவே வரவேண்டியதாயிற்று. முந்நூறு பேர் கையில் அட்சதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் இதைப் பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் இதை மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்று நினைத்தார்கள். சம்பந்திகளைக் கோபித்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. நாதஸ்வரக்காரர் வாசல்வரை வாசித்துக்கொண்டே வந்து வழியனுப்பினார். பரமசிவம் மட்டும் செருப்பைத் தேடினார். போட்டுக்கொள்வதற்காக அல்ல.

வண்டி பாதி வழியில் போகும்போது பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தரை ஆகப்போகுதுங்க. எங்கப்பாவுக்கு மறுபடி மனசு மாறுறதுக்குள்ள கட்டித் தொலைங்க."

தனுஷ்கோடி கட்டினான். முன் சீட்டில் இருந்த பிச்சாண்டி, அட்சதை இல்லாததால் கைதட்டினான்.

ஷெட் வந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். மாடக்கண்ணு பின்கதவை மரியாதையாகத் திறந்து, "மாப்பிள்ளை, இப்ப இங்கயிருந்து கிளம்பலாம்" என்றான். தனுஷ்கோடிக்கு இனி எதிர்த்துப் பேசத் தெம்பில்லை, ஏறிக்கொண்டான். பூங்கோதையும் ஏறப் போனாள்.

"நீங்க இல்லம்மா" என்று கையை நீட்டி மறித்தான் மாடக்கண்ணு. "மாப்பிள்ளைனு மட்டுந்தான் மேஸ்திரி சொன்னாரு."

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பின் கண்ணாடி வழியாக தனுஷ்கோடி கதறியது கொஞ்ச தூரம்வரை தெரிந்தது. ஷெட்டில் பட்டுப்புடவையும் புதுத்தாலியுமாக பூங்கோதையும், அவளுக்குத் துணையாக பிச்சாண்டியும் மிஞ்சினார்கள்.

"அப்ப நான் எப்படிய்யா மண்டபத்துக்குப் போறது?" அவள் குரல் உடைந்துவிட்டது.

பிச்சாண்டிக்கு மனசு தாங்கவில்லை. "அழாதீங்கம்மா. பஞ்சர் ஆகி வர்ற வண்டியில இருக்கிறவங்களத்தான் நாங்க கொண்டுபோய் விடுறது. உங்களுக்குன்னு ஒரு வண்டி பஞ்சர் ஆகாமயா போயிரும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு டப்பா ஆணியை எடுத்துவந்து ரோடு முழுக்க இறைத்தான். ஒரு பக்கம்கூட விட்டுப்போகாமல், நிதானமாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வைத்தான். பிறகு அவளுக்கு ஒரு டயரைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"முதல்ல வர்ற வண்டி உங்களுக்குத்தான்மா."

மண்டபத்துப் பக்கமிருந்து, பெண்ணைக் கூட்டிப்போக, மாப்பிள்ளையும் பரமசிவமும் பெண்ணின் அப்பாவும் ஏறிய அம்பாசிடர் வேகமாக வந்துகொண்டிருந்தது.