பருந்தின் முதுகு

மயிலாத்தாள் குருவைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு காலத்தில் சந்தையில் தக்காளிக் கூடைக்கு விலை பேசியே ஆட்களை அழவைத்தவள். கணவர் பொன்னுரங்கம் பக்கவாதத்தில் படுத்த பிறகு, ஆறு வருடமாக அவள் தெருவைத் தாண்டியதில்லை.

தெருக்கோடியில் இருந்த குருவின் குடிலுக்கு மட்டும் வருவாள். அதுவும் இரண்டு அலாரத்துக்கு நடுவில். படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவள் போன் அதற்காக அலறும்.

அன்று வந்தவள் உட்காரவில்லை.

"சாமி, நேத்து அவர் கஞ்சியைத் துப்பிட்டாருங்க. செத்துத் தொலைய மாட்டியான்னு கேட்டுட்டேன். சுவத்தைப் பாத்துக்கிட்டார். எனக்கு அன்பு வத்திப் போச்சுங்களா?"

குரு கேட்டார். "செம்பாறைப் பள்ளத்தாக்கு பாத்திருக்கீங்களாம்மா?"

"எங்கீங்க! கல்யாணமான புதுசுல கூட்டிட்டுப் போறேன்னார். வியாபாரம் விட்டாத்தானே."

"நாளைக்குப் போயிட்டு வாங்க. தனியா. ஒரு நாள் பூரா."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க! அவரை யாரு பொரட்டறது?"

"நான்."

"நீங்களா? அவர் தொடை என்ன கனம்னு தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லிக் குடுங்க."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஆகாதுங்க."

"பஸ்ஸே ரெண்டு மணி நேரம்மா."

"சரி, பஸ்ஸைத் தள்ளிட்டு அரை நாள். அவ்வளவுதான், பேச்சே கிடையாது."

"உங்க இஷ்டப்படியே."

உடனே ஒப்புக்கொண்டதில்தான் மயிலாத்தாளுக்குச் சந்தேகம் வந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மாலை ஆறரை மணிக்குத் திரும்பினாள். குரு அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். பொன்னுரங்கம் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பகல்ல தூங்க மாட்டாரே!"

"இன்னிக்குத் தூங்கறார். பள்ளத்தாக்கு எப்படி?"

அவள் படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"பத்து மணிக்குப் போன் அலறுச்சு, பஸ்ல எந்திரிச்சு நின்னுட்டேன். கண்டக்டர், இறங்கணுமான்னு திட்டறான். பன்னெண்டுக்குப் பாறை மேல படுத்திருந்தேன். அலறுச்சு. நானே ஒருக்களிச்சுத் திரும்பிப் படுத்துட்டேனுங்க."

குரு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் கம்பி வேலிகிட்டப் போனேன். கீழே ஆறு, பாவாடை நாடாவாட்டம் கெடக்குது. எனக்குக் கீழே பருந்து பறக்குதுங்க சாமி. இத்தனை வயசுல அதோட வயித்தைத்தான் பாத்திருக்கேன். இன்னிக்கு முதுகைப் பாத்தேன். வெயில் பட்டுச் செம்பு மாதிரி மின்னுது. பாத்துக்கிட்டே நின்னேன்."

"அப்புறம்?"

"மறுபடி அலறுச்சு. ரெண்டு மணின்னு நினைச்சு எடுத்துப் பாத்தா, நாலு. ரெண்டு மணி அலாரம் என் காதுலயே விழலீங்க." அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடத் தவறினதில்லை. அந்த மனுசனை அடியோட மறந்து நின்னிருக்கேன். பஸ் பூரா அழுதுக்கிட்டே வந்தேன். வத்தித்தான் போச்சு. இனி நீங்க சொல்ல வேண்டியதில்லை."

குரு தன் கையைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டு மணிக்கு நானும் பொரட்டலைம்மா."

மயிலாத்தாள் துள்ளி எழுந்தாள். "என்னது? அத்தனை சொல்லிட்டுப் போனேன்! புண்ணு வந்தா நீங்களா வந்து கழுவுவீங்க?"

"தோள்ல கை வெச்சேன். என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார். இடது கையில என்ன பலம்!"

"வலிக்குதுன்னாரா?"

"இல்லை."

"பின்னே?"

குரு உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாய் குழறிக் குழறிச் சொன்னார். 'இருங்க சாமி. அவ பள்ளத்தாக்கைப் பாத்துக்கிட்டு இருப்பா. இப்பப் பொரட்டினா அவளுக்குத் தெரிஞ்சுரும், பாதியில ஓடி வந்துருவா.'"