தவமணியின் கணினி

துயரப்பட்டவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதையே அறமாகக் கொண்ட மடம் ஒன்று பொதிகை மலையடிவாரத்தில் இருந்தது. அதன் பெயர் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. தலைமை ஏற்றிருந்தவர் உமையாள் அம்மை என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர் இளஞ்சேரன். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வந்தவர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். மடத்துக் கணினிகள் அவர் பொறுப்பில் இருந்தன.

கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் தவமணி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மின்னஞ்சலில் வரும் கடிதத்தைக் கணினி உரக்க வாசிக்கும். அவர் கேட்பார், விசைப்பலகையில் பதில் எழுதுவார். பதினோரு ஆண்டுகளில், கணினி கைக்குப் பழகியபின் அவர் விரல் ஒரு விசையைத் தேடி நின்றதை எவரும் கண்டதில்லை.

ஒரு நாள் காலைப் பாடம் முடிந்ததும் இளஞ்சேரன் எழாமல் அமர்ந்திருந்தார்.

"சொல்லுங்கள், ஐயா" என்றார் அம்மை.

"புதிய இயங்குதளம் ஒன்று வெளியாகியிருக்கிறது, அம்மா. தவமணியின் கணினியில் அதை ஏற்றலாமா, பழையதே இருக்கட்டுமா?"

"பழையதற்கு என்ன குறை?"

"இந்த மாதத்தோடு அதற்குப் பாதுகாப்பு நின்றுவிடும். பிறகு எவன் உள்ளே நுழைந்தாலும் தடுக்க முடியாது. கட்டியவனிடம் சொல்லாததை, பெற்றவளிடம் சொல்லாததையெல்லாம் நமக்கு எழுதுகிறார்கள். அவ்வளவும் சந்திக்கு வந்துவிடும்."

"அப்படியானால் ஏற்ற வேண்டியதுதானே?"

"வெளியாகி மூன்று வாரந்தான் ஆகிறது. பொறுத்திருந்து பார் என்கிறார்கள். அதனால் என் கணினியில் ஏற்றி நான்கு நாள் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. எல்லாம் பளிச்சென்று இருக்கிறது."

அம்மை எழுந்து இளஞ்சேரனை அழைத்துக்கொண்டு அவர் அறைக்கு நடந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவருடைய கணினித் திரையின்மேல் விரித்தார். அது காவித்துண்டு என்று சிலர் சொல்வர். குளித்துவிட்டுக் காயப்போட்ட ஈரத்துண்டு என்பதே பழைய வழக்கு.

"வாசிக்கும் குரலை முடுக்குங்கள். நேற்று நான் உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். அதற்கு ஒரு வரி ஆறுதல் எழுதி அனுப்புங்கள்."

இளஞ்சேரன் விசையைத் தட்டினார்.

"பொத்தான்" என்றது கணினி. "பொத்தான். பெயரிடப்படாத பொத்தான்."

மீண்டும் தட்டினார்.

"பெயரிடப்படாத பொத்தான்."

அரை மணி நேரம் கழிந்தது. இளஞ்சேரன் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, "அனுப்பிவிட்டேன், அம்மா" என்றார்.

அம்மை துண்டை விலக்கினார். 'உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம்' என்ற வரி மடத்துக்கு அரிசி அனுப்பும் கடைக்காரருக்குப் போயிருந்தது. அவரும் பதில் போட்டிருந்தார்: 'எதற்கு ஆறுதல்? அரிசியில் வண்டா?'

அம்மை சிரித்துவிட்டார். இளஞ்சேரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு பெண்ணுக்கு எழுதிய பதில் இப்படி அவள் மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தால்? வேண்டாம், அம்மா. பழையதே இருக்கட்டும். தவமணியை நாம் வருத்தக் கூடாது."

"அதை அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்."

இளஞ்சேரன் தவமணியின் அறைக்குப் போனார். இந்த இடத்தில் தவமணியின் பேச்சை மட்டும் யாரும் செப்பம் செய்து சொல்வதில்லை.

"யாரு, அண்ணாச்சியா? வாங்க. என்ன, நடையே ஒரு மாதிரி இருக்கு?"

இளஞ்சேரன் புதிய இயங்குதளத்தைப் பற்றியும், பாதுகாப்பு நிற்கப்போவதைப் பற்றியும், துண்டைப் பற்றியும் சொன்னார். "எனக்கே முடியவில்லை. உங்களுக்கு அந்தத் துன்பம் வேண்டாம்" என்று முடித்தார்.

தவமணி நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

"நல்லாருக்கே கதை! அரை மணி நேரம் கண்ணு தெரியாம இருந்துட்டு, என் நாப்பத்தெட்டு வருசத்துக்கும் சேத்து நீங்க பயந்துட்டீயளாக்கும்?"

"உங்கள் நன்மைக்காகத்தான்..."

"இது எனக்கு நாலாவது சிஸ்டம், அண்ணாச்சி. ஒவ்வொண்ணுக்கும் கை பழக இருவது நாள் ஆச்சு. பழகிச்சா இல்லையா?"

"பழகியது."

"பொறவு என்ன? எங்கிட்ட நம்பி எழுதுன கடுதாசிய ஒரு களவாணிப்பய படிச்சான்னா, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பதில் எழுத? புதுச போடுங்க."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

தவமணியின் விரல்கள் விசைகளின்மேல் அழுத்தாமல் கிடந்தன.

"இருக்கு" என்றார். "புதுச நெனச்சு இல்ல. போன தடவ, நீங்க இங்க வாரதுக்கு முந்தி, போட்டுக் குடுத்தவரு, 'எல்லாம் சரியாருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் விடியக்காலம் வந்து உக்காந்தா, குரலே வரல. அவரக் கூப்பிடுதேன், போன எடுக்கல. மூணு நாள். அந்த மூணு நாள்ல ஒரு பொண்ணு மூணு கடுதாசி போட்டிருக்கா. நாலாம் நாள்தான் எனக்குக் கேட்டுது. உடனே எழுதுனேன்."

"பிறகு?"

"அவ பதில் எழுதல."

இளஞ்சேரன் தன் அறைக்குத் திரும்பி வந்தார். அம்மை துண்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். இளஞ்சேரன் ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"முதலில் ஏற்றலாம் என்றேன். பிறகு கூடாது என்றேன். இரண்டு முறையும் அவரைக் கேளாமலே சொன்னேன். இப்போது அவர் ஏற்றச் சொல்கிறார். எனக்குத்தான் கை வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா."

"என்று ஏற்றுவதாக நினைத்திருந்தீர்கள்?"

"வெள்ளிக்கிழமை மாலை. சனி, ஞாயிறு கடிதம் குறைவாக வரும்."

அம்மை துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"சனிக்கிழமை விடியற்காலையில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு இளஞ்சேரன் தவமணியின் அறை வாசலில் பாய் விரித்தார் என்பது எல்லா வழக்கிலும் உண்டு.