மலையில்லாத ஊரில் மலை வண்டி

கொன்றையூரில் மலை கிடையாது. ஊரில் இருந்த ஒரே உயரம் சந்தைக்குப் பின்னால் கிடந்த குப்பைமேடுதான். அந்த ஊரில்தான், கேளுங்கள் வேடிக்கையை, அரசாங்கப் பட்டறை மலையேறும் வண்டி செய்து விற்றது!

வண்டியின் பெயர் மேருரதம். ஆள் உயரச் சக்கரம், தேக்கு மரக் கூரை, இழுக்க நான்கு காளை. சந்தை வாசலில் அதன் படத்தைப் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். மேகத்துக்கு மேலே ஒரு சிகரம், அதன் உச்சியில் மேருரதம். வண்டியை அங்கே இழுத்துப் போன காளைகளை மட்டும் படத்தில் காணோம். உச்சிக்குப் போவதற்குள் செத்திருக்கும்.

இதை வாங்கியவர்கள் அதில் ஏறி எங்கே போனார்கள்? கறிவேப்பிலை வாங்கப் போனார்கள். ஒரு தெருவில் இரண்டு மேருரதம் எதிர்ப்பட்டால் அன்று அந்தத் தெருவில் யாருக்கும் வேலை ஓடாது.

பட்டறைத் தலைவர் சர்வோத்தமருக்கு இதில் ஏக குஷி. ஒற்றை மாட்டு வண்டியில் லாபம் சொற்பம், மேருரதத்தில் கொழுத்த லாபம். ஆகவே சின்ன வண்டி செய்வதைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அடியோடு நிறுத்திவிட்டார். வண்டி செய்யும் உரிமை அரசாங்கப் பட்டறைக்கு மட்டுமே இருந்ததால் வேறெங்கும் போய்க் கேட்கவும் வழியில்லை.

உப்பு விற்கும் வெள்ளையம்மாளின் ஒற்றை மாட்டு வண்டி அச்சு முறிந்து போயிற்று. பட்டறைக்குப் போனாள். மேருரதத்தைக் காட்டினார்கள். அரசவை விகடர் பூவராகனிடம் வந்து புலம்பினாள்.

"சாமி, எங்கிட்ட இருக்கறது ஒத்த மாடு. நான் போறது செட்டித் தெரு சந்து. அந்தத் தேரு உள்ளேயே நுழையாது. சின்ன வண்டி இல்லேன்னா மாட்டை வித்துட்டு நான் வீட்டுல குந்த வேண்டியதுதான். மூணு பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

பூவராகன் மறுநாளே சபையில் வெள்ளையம்மாளின் விஷயத்தை எடுத்தார். சர்வோத்தமர் சிரித்தார்.

"மன்னா, நாங்கள் ஜனங்களின் விருப்பப்படிதான் நடக்கிறோம். இந்த ஆண்டு ஒருவர்கூடச் சின்ன வண்டி வாங்கவில்லை. எல்லோரும் மேருரதம்தான் வாங்கினார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

"செய்யாத வண்டியை எப்படி வாங்குவார்கள்?" என்றார் பூவராகன்.

"அது பட்டறை விவகாரம். உமக்குப் புரியாது" என்றார் சர்வோத்தமர்.

மன்னர் தலையாட்டினார். அவர் ஏறுவது பல்லக்கு, அவருக்கு வண்டியைப் பற்றி என்ன கவலை? "பூவராகா, பெரியதைத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள் போலிருக்கிறது. தெப்பத் திருவிழா முடிந்ததும் சும்மா கிடக்கும் சின்ன வண்டிப் பட்டறையை இடிக்க உத்தரவு போட்டுவிடுகிறேன்" என்றார்.

தெப்பத் திருவிழா வந்தது. மன்னர் வழக்கம்போலப் பாதுகையைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது உச்சி வெயில். கல் பாவிய தரை அடுப்பாகக் கொதித்தது. வாசலில் அவருடைய பாதுகை இல்லை. இருந்தது ஒரே ஒரு ஜோடி செருப்பு. ஒவ்வொன்றும் முறம் அகலம்!

மன்னர் இப்படியும் அப்படியும் பார்த்தார். கால் சுட்டது. வேறு வழியில்லாமல் அதில் காலை நுழைத்துக்கொண்டு தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பல்லக்கை நெருங்குவதற்குள் தடுக்கிக் குப்புற விழுந்தார்.

தூணுக்குப் பின்னாலிருந்து பூவராகன் வெளியே வந்து உரக்கக் கூவினார். "மன்னர் பெரிய செருப்பைத்தான் விரும்புகிறார்! செருப்புத் தைப்பவர்களே, இனி யாரும் சின்னச் செருப்புத் தைக்காதீர்கள்!"

"அடேய்!" மன்னர் மூக்கைத் தடவிக்கொண்டே எழுந்தார். "எவனடா இதை விரும்பினான்? தரை கொதிக்கிறது. இதை விட்டால் வேறு எது இருந்தது? இருந்ததைப் போட்டுக்கொண்டேன்!"

"மேருரதம் வாங்கியவர்களும் அதைத்தான் செய்தார்கள், மன்னா" என்று சொல்லி, மடியிலிருந்து மன்னரின் பாதுகையை எடுத்து வைத்தார் பூவராகன்.

மன்னரின் முகம் மாறியது. மூக்கு வலித்ததால் விஷயம் உடனே புரிந்தது. கூட்டத்தில் நின்ற சர்வோத்தமரைப் பார்த்துச் சொன்னார். "சின்ன வண்டிப் பட்டறை இடிபடாது. நாளையிலிருந்து ஒற்றை மாட்டு வண்டி செய்ய வேண்டும். முதல் வண்டி வெள்ளையம்மாளுக்கு. அது உம்முடைய செலவு!"

சர்வோத்தமர் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். லாபம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் விடவில்லை.

"மன்னா, நான் என்ன தப்புச் செய்தேன்? யாரையாவது கட்டாயப்படுத்தினேனா? பிடிக்காவிட்டால் வாங்காமல் போக வேண்டியதுதானே?"

அவ்வளவுதான். மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. "கூப்பிடு சேவகனை! இந்த ஆளுக்கு முதுகு வீங்கக் கசையடி கொடு!"

சாட்டையோடு சேவகன் வந்தான். சர்வோத்தமர் மன்னரின் காலில் விழுந்து, "ஐயோ! வேண்டாம் மன்னா, வேண்டாம்!" என்று அலறினார்.

பூவராகன் குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

"எதற்கு ஐயா இந்தக் கூச்சல்? சேவகன் அடி கொடுக்கத்தான் போகிறான். பிடிக்காவிட்டால் வாங்காமல் போங்களேன்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் சேவகன் கையிலிருந்த சாட்டை நழுவிக் கீழே விழுந்தது.