இருவாச்சியின் சிறகில் ஏறிய இரைச்சல்

உன்னைத்தான். தை மாதத்தில் ஊரே எல்லைப் புல்லைக் கொளுத்திக் கரிக்கோடு போட்டபோது, "என் வீட்டுப் பக்கம் காட்டுத்தீ எங்கே வரப்போகுது" என்று படுத்துக் கிடந்தாயே, உன்னைத்தான். ஊரைச் சுற்றிக் கரி. உன் பங்கு இருபது முழத்தில் மட்டும் இடுப்புயரப் புல். அந்தக் கோடு எப்படி வந்ததென்று தெரியுமா உனக்கு? கேள்.

அந்தக் காலத்தில் பறவையும் பேசும், தீயும் பேசும். மலையில் கடுக்காய் பொறுக்கிச் சந்தையில் விற்கும் ஒச்சாயி எல்லாவற்றோடும் பேரம் பேசுவாள். கோபக்காரி. மரத்தோடு மல்லுக்கட்டி நிழலை அடிமாட்டு விலைக்கு வாங்குவாள் என்று கேலி செய்வார்கள்.

ஒரு பங்குனி. ஓடை வற்றி, மூங்கிலோடு மூங்கில் உரசி, உச்சியில் தீ எழுந்தது. முதலில் ஒரு கீற்று. பிறகு மலையின் முதுகு முழுவதும் சிவந்தது. நட்ட நடுப்பகலில் சூரியன் செம்புத் தட்டாய் மங்கியது. மானும் செந்நாயும் ஒன்றையொன்று பாராமல் தோளோடு தோள் ஓடின. தலையில் மூட்டையோடு ஒச்சாயி நின்றுவிட்டாள். ஓடு என்றது கால், கண் கேட்கவில்லை. இவ்வளவு பெரியதை அவள் பார்த்ததே இல்லை. ஒன்றை மட்டும் அவளுடைய வியாபாரக் கண் குறித்துக்கொண்டது: தின்ற இடத்தைத் தீ திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, போயிராதே!" இருவாச்சிப் பறவை ஒன்று அவள் முன்னால் வந்து விழுந்தது. "என் பெண்டாட்டி பொந்துக்குள்ள இருக்கா."

புல்வெளி நடுவே ஒற்றை மரம். பொந்தின் வாயை அடைகாக்கும் பெட்டை உள்ளிருந்தே மண் வைத்துப் பூசியிருந்தது. சின்னச் சந்து வழியே ஓர் அலகு நுனி மட்டும் தெரிந்தது.

"உடைச்சு வெளிய கூப்பிடுடா, மடையா!"

"றெக்கையை எல்லாம் உதிர்த்துட்டு முட்டை மேல உட்கார்ந்திருக்கா அக்கா. பறக்க முடியாது."

"எனக்கு என்ன தருவே?"

பறவை அலகிலிருந்த அத்திப்பழத்தை நீட்டியது. மனைவிக்குக் கொண்டுவந்தது.

"தூ! அவளுக்கே கொடு" என்று சீறிவிட்டு, ஒச்சாயி தீயை நோக்கி நடந்தாள்.

"விலகு" என்றது தீ. பாறைகள் வெடித்தன.

"விலகுறேன் சாமி. பெரிய கை நீங்க, மலையையே மொத்தமா எடுக்கிறீங்க. ஆனா ருசி பார்க்காம சரக்கு எடுக்கிறவனை எங்க சந்தையில ஏமாளிம்பாங்க. ஒரு வாய் பாருங்களேன்."

தீக்குச் சிரிப்பு வந்தது. வானம் முழுக்கப் பொறி பறந்தது. "ஒரு வாய்தானே? கொண்டு போ" என்று ஒரு கொள்ளியை நீட்டியது.

ஒச்சாயி மூட்டையைப் போட்டாள். மரத்தைச் சுற்றிப் புல்லில் கொள்ளியை இழுத்துக்கொண்டே நடந்தாள். "உள்பக்கம் நின்னு வீசுடா!" இருவாச்சி தரையை ஒட்டிப் பறந்து சிறகடித்தது. சுடர் மரத்தின் பக்கம் சாயாமல் வெளிப்பக்கம் சாய்ந்தது. கங்குக்கு மேலேயே அடித்து அடித்து, நெருப்பின் இரைச்சல் அதன் இறகுகளுக்குள் ஏறிக்கொண்டது. வட்டம் முடிந்தபோது ஒச்சாயியின் உள்ளங்கை வெந்திருந்தது. மூட்டை சாம்பலாகியிருந்தது.

தீ வந்தது. கரியின் விளிம்பில், பனையுயரச் சுவராக நின்று குனிந்து பார்த்தது.

"இது என் எச்சில்."

"ஆமா சாமி. பெரிய கை எச்சிலைத் தொடலாமா?"

 பிறகு தீ இரண்டாகப் பிரிந்து, மரத்தின் இருபுறமும் கடந்து போனது. பொந்துக்குள் அலகு அசைந்தது.

போகிற போக்கில் தீ சொன்னது: "கெட்டிக்காரிதான். கேட்டுக்கோ. வெயில் காலம் பிறக்குமுன் எனக்கு ருசி காட்டிய இடத்தை விட்டுவிடுவேன். காட்டாத இடம் ஒரு முழமானாலும், அதுதான் என் வாசல்."

அன்று முதல்தான் இந்த மலையில் தை பிறந்தால் வீட்டுக்கு இருபது முழம் என்று, பனி ஈரம் காயுமுன்னே கரிக்கோடு போடுகிறார்கள். இருவாச்சி தலைக்கு மேலே பறந்தால் காடு பற்றி எரிவதுபோல் இரைவதும் அன்று முதல்தான்.

இன்று காலை அது உன் கூரையை இரண்டு தரம் சுற்றிப் போனது. எதிர்மலையில் புகை. கொளுத்துகிற காலமும் போய்விட்டது. இனி மண் தெரியச் செதுக்கத்தான் வேண்டும். இருபது முழமும். எடு மண்வெட்டியை.