துறைப்பாறையில் நத்தை எழுத்து

மூடுபனி முழுதாகக் கலையாத ஒரு காட்டில், பிள்ளைகளே, ஒரு நத்தை இருந்தது. அது ஊர்ந்த தடமெல்லாம் வெள்ளியாக மின்னும். அந்தத் தடத்தாலேயே அது எழுத்துகளுக்குப் புது உருவம் வரைந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு தேக்கிலை. ஒவ்வொன்றின் முடிவிலும், கனவில் கண்டதுபோல, ஒரு நீளச் சுழி.

ஆற்றுத்துறைப் பாறையில் கடக்கும் வழியைச் சொன்ன பழைய எழுத்து மழையில் அழிந்துபோயிருந்தது. துறையைக் காக்கும் கொக்கு நத்தையிடம் சொல்லியிருந்தது: "ஆறு பெருகுமுன் புது எழுத்து வேண்டும். உன்னுடையது தேறினால் பாறை உனக்கு."

நத்தைக்கு வேறு ஆசையே இல்லை. முதலில் மயிலிடம் காட்டியது.

"அந்தச் சுழி, என் தோகையைப் பார்த்துத்தானே போட்டாய்?"

"இன்னும் நீட்டலாமா அண்ணே?"

"நீட்டு, நீட்டு."

பிறகு பார்த்த முள்ளம்பன்றி முகத்தைச் சுளித்தது. "ஒரே வழவழப்பு. எழுத்தென்றால் கொஞ்சம் குத்த வேண்டாமா?"

நத்தை அன்று முழுதும் ஓட்டைவிட்டு வெளியே வரவில்லை.

"அடுத்து எருமையக்காவைக் கேட்கப்போகிறேன்" என்று நத்தை சொன்னதும் மயில் சிரித்தது. "தன்மேல் மழை பெய்தாலே அதற்குத் தெரியாது. எழுத்தா தெரியப்போகிறது?"

எருமை தேக்கிலைகளை மோந்து பார்த்தது. "இப்படி ஒண்ணொண்ணாக் கிடந்தா எனக்கு என்ன தெரியும்? இதுகளைச் சேர்த்து எதையாவது சொல்லச் சொல்லு. நான் கன்றோட அக்கரைக்குப் போகணும்."

நத்தை பாறைமேல் ஊர்ந்து எழுதியது: 'இடப்பக்கம் ஆழம். வலப்பக்கம் இறங்கு.' முடிக்க மத்தியானமாகிவிட்டது. எருமை அசைபோட்டபடி காத்திருந்தது.

"எப்படி இருக்கு அக்கா?"

"அழகாத்தான் இருக்கு" என்றபடி எருமை படித்தது. "இடப்பக்கம்..." அதற்கப்புறம் ஒரு சுழி அடுத்த எழுத்தின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. எருமை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "இறங்கச் சொல்லுதுபோல" என்று இடப்பக்கமே கால் வைத்தது. பின்னாலேயே கன்று.

"அக்கா, அங்கே ஆழம்" என்று நத்தை அலறியது.

எருமை கன்றை முட்டிக் கரையில் தள்ளிவிட்டு, வயிறு நனையத் தானும் ஏறியது.

"அழகா இருக்குன்னு சொன்னீங்களே அக்கா."

"அழகாத்தான் இருந்துச்சு. படிக்கத்தான் முடியலை."

நத்தை பாறைமேல் ஊர்ந்து தன் எழுத்தை மறுபடி பார்த்தது. தனித்தனி இலையில் துள்ளிய சுழிகள், சேர்ந்து நின்றபோது ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. அதற்கு மிகவும் பிடித்தவை அந்தச் சுழிகள்தாம். ஒவ்வொன்றாக அழித்தது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம் வைத்து, மறுபடி எழுதியது.

மறுநாள் பனிக்குள்ளிருந்து ஒரு மான்கூட்டம் மிதந்துவந்தது. ஒற்றைக்காலில் நின்ற கொக்கு பாறையைப் பார்க்கவில்லை, மான்களைப் பார்த்தது. மான்கள் போகிறபோக்கில் தலைதூக்கின, வலப்பக்கம் திரும்பின, கணுக்கால் நீரைக் கடந்து அக்கரைப் பனியில் கரைந்தன.

"பாறை உனக்கு" என்றது கொக்கு.

மயிலுக்குப் பொறுக்கவில்லை. "உன் எழுத்தைப் பற்றி அவற்றில் ஒன்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

"இல்லை அண்ணே" என்றது நத்தை. "எல்லாரும் கரையேறிட்டாங்க."

நீதி: புகழும் பழியும் சொல்பவரின் மனத்தைக் காட்டும், பயன்படுத்துபவர் தடுமாறும் இடமே நம் குறையைக் காட்டும்.